முப்பதுக்கு மேல் போகக்கூடாது

அத்தியாயம் பதினேழு

போன வாரம் மணப்பாறையில் பெரியவர் சவரிராயனைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் பிரிந்தோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனுஷர் இந்த வாரமும் அதே கட்டிலில்தான் கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது, அதுதான் பாவம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. உறையூரில் சுருட்டுக் கம்பெனி வைத்து ஆளானவர் சவரிராயன். சம்சாரம் செத்த பிறகு, கம்பெனியில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்த பொன்னுத்தாயோடு மணப்பாறைக்குப் போய்ப் பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டார். அவள் வேதத்தில் சேர்ந்தாள். மரியாள் என்று பேர் வைத்தார்கள், ஆனாலும் எல்லாருக்கும் அவள் பொன்னுத்தாய்தான். வியாகுலம் என்று ஒரு பெண் பிறந்து பதினோரு வயசாகிறது.

கோயிலில் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பொன்னுத்தாயைச் சின்ன வயசில் கட்டிய ஒருத்தன் கண்டித் தோட்டத்துக்குப் போய்த் தொலைந்தவன். அவன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் சாமியார் எப்படி மந்திரித்துத் தாலி கொடுப்பார்? அவன் செத்து மூன்று வருஷமாகிறது என்று தோட்டத்துப் பங்குச் சாமியார் கைப்பட எழுதிய கடிதம் போன மாசம்தான் வந்தது. வருகிற திங்கட்கிழமை கல்யாணம் என்று நாளும் குறித்தார்கள். அதற்குள் பெரியவர் விழுந்துவிட்டார்.

சாவதற்கு முன்னால் சாமியார் வந்து மந்திரித்துவிட்டால் பொன்னுத்தாய் அவருடைய பெண்சாதி. அந்த மணப்பாறை வீடு அவளுக்கு. வியாகுலத்துக்குக் கோயில் ஏட்டில் அப்பன் பேர் ஏறும். இல்லையென்றால் அவள் யாரோ, அந்தப் பெண்ணும் யாரோ. விஷயம் இவ்வளவுதான்.

இந்த வாரம் நாம் ரோசம்மாள் கூடவே போகப்போகிறோம். பெரியவரின் ஒரே மகன் அமிர்தசாமியின் சம்சாரம். கல்யாணமாகி இருபது வருஷம், பிள்ளை இல்லை. அதை அவள் மறந்தாலும் அமிர்தசாமி மாசத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்திவிடுவார். இந்த வாரத் திங்கட்கிழமை அவள் மணப்பாறை போயிருந்தபோது பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சாமியாரைக் கூட்டிட்டு வந்துடும்மா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். "கூட்டிட்டு வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மேலப்புதூர் வீட்டுக்கு டிரங்க் கால் வந்தது. மணப்பாறை டாக்டர் பேசினார். அமிர்தசாமி கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். பாதி குடித்து வைத்திருந்த காப்பியை முழுக்கக் குடித்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"மத்தியானம் தாண்டறது கஷ்டமாம்."

"அய்யோ மாதாவே. அப்ப சாமியார்?"

"கூட்டிட்டுப் போவோம். சாகப்போற அப்பனுக்கு அவஸ்தைப்பூசுதல்கூடக் கொடுக்காம அனுப்பிட்டான்னு ஊர் பேசவா?"

மணப்பாறைப் பங்குச் சாமியார் மதலைமுத்து அந்த வாரம் திருச்சியில்தான் இருந்தார். சாமிமார்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற ஞானஒடுக்கம், ஒரு வாரத் தியானம். அவரைப் போய் அழைத்துக்கொள்ள வேண்டும்.

"டாக்ஸி வச்சுக்கலாங்க, சீக்கிரம் போயிடும்" என்றாள் ரோசம்மாள்.

"வீட்டுல காரை வச்சுக்கிட்டு டாக்ஸியிலயா? பாக்கறவன் சிரிப்பான்."

"இல்ல, இப்பதான் எஞ்சின் மாத்தியிருக்கு..."

"அதனால என்ன? முப்பதுல போனாலும் இருபத்து நாலு மைலுக்கு ஒரு மணி நேரம் ஆகாது."

ஒரு மணி நேரம் ஆகாது என்று அவர் வாயாலேயே சொன்னார். அதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு மாரிஸ் காரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமிர்தசாமிக்கு வேகம் என்றால் உயிர். திருச்சியில் அவர் காரைத் தூரத்தில் பார்த்தாலே ஜட்காக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். இரண்டு மாசத்துக்கு முன்னால் உப்பிலியபுரத்திலிருந்து வரும்போது ரேடியேட்டர் கொதிக்கிறது என்று கூட வந்தவர்கள் தலையால் அடித்துக்கொண்டார்கள். கேட்காமல் ஐம்பதில் விரட்டி, நடுரோட்டில் எஞ்சினைக் கருக்கிவிட்டார். மெட்ராஸிலிருந்து வேறு எஞ்சின் வந்து, பாலக்கரை பரக்கத் அலி மேஸ்திரி அதை ஏற்றிக் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று மேஸ்திரிக்கு டீ கொடுத்தது ரோசம்மாள்தான். அதனால் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"முதலாளி, ஐநூறு மைல் ஓடற வரைக்கும் முப்பதுக்கு மேல போகக்கூடாது. உள்ள எல்லாம் புதுசு. ஒண்ணோட ஒண்ணு பழகணும்" என்றார் மேஸ்திரி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அதுக்காக உருட்டவும் உருட்டாதீங்க. பதினஞ்சுல டாப் கியரைப் போட்டு இழுத்துக்கிட்டே போனா ரிங் உக்காராது, ஆயிலைக் குடிக்கும். முப்பதுன்னா முப்பது தாராளமா போங்க. ஆத்திர அவசரம்னா கொஞ்ச தூரம் நாப்பது போனாலும் குடி முழுகிடாது."

அமிர்தசாமி தலையாட்டினார். மறுநாளே பெயிண்டரிடம் ஒரு அட்டை எழுதி வாங்கிப் பின் கண்ணாடியில் மாட்டினார். 'புது எஞ்சின். மெதுவாகச் செல்லும். முந்திச் செல்லவும்.'

அந்த அட்டையோடுதான் புதன்கிழமை கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் அமிர்தசாமி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டார், ஆயில் குச்சியை உருவி இரண்டு தடவை பார்த்தார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார், நான்கு டயரையும் காலால் தட்டினார். எல்லாம் முறைப்படி நடந்தது. யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ரோசம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று நின்று கால் மாற்றினாள்.

மதலைமுத்துச் சாமியார் தயாராக இருந்தார். கோயிலிலிருந்து நன்மைச் சிமிழை, மந்திரித்த அப்பம் வைத்த அந்தச் சின்ன டப்பாவை, எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. சாகக் கிடப்பவருக்குச் சாமியார் நன்மை கொண்டுபோகும்போது வழியில் பேசமாட்டார். கூடப் போகிறவர்களும் வாய் திறக்கக்கூடாது. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன பழக்கம். நன்மை ஏறிய அந்த வண்டியில் ஆண்டவரே உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் நம்முடைய தொணதொணப்பு எதற்கு? அந்த மரியாதையைத்தான் அமிர்தசாமி அன்றைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

மணி ஒன்பதரை. மேலப்புதூர்த் தெருவில் ஒரு கிழவர், சாமியார் கையிலிருந்த சிமிழைப் பார்த்து, தலைப்பாகையை எடுத்துவிட்டு ரோட்டோரமாகவே முழங்கால் போட்டார். அமிர்தசாமி மரியாதைக்கு வண்டியை மெதுவாக்கினார். நியாயம்தான். புத்தூர் தாண்டும்போது ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் குறுக்கே வந்தன. அதுவும் நியாயம்தான். கருமண்டபம் தாண்டியதும் ரோடு நேராக விழுந்தது. ரோசம்மாள் முன் சீட்டில் இருந்தபடி வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். பதினைந்தில் நின்றது.

ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை. டாப் கியரில் வண்டி முக்கி முக்கிப் போயிற்று. மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட ஓரம் ஒதுங்கி நின்று, அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

ராம்ஜி நகர் மில் தாண்டியபோது ரோசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. லேசாக இருமினாள். அமிர்தசாமி திரும்பவில்லை. அவர் முழங்கையை விரலால் தொட்டு, முள்ளைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், பின் சீட்டைக் கண்ணால் காட்டினார், ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவர் சாந்தமாக இருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுவரைக்கும் விளங்காமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். ஆனால் எந்தப் பெண்தான் புருஷனைப் பற்றி அப்படி நினைக்கத் துணிவாள்?

பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில், வண்டியை ஓரம் கட்டினார். மணி பத்து இருபது. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ஆவி வரவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. சாமியார் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். காரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான்கு சக்கரம் உண்டு என்பது தெரியும்.

ரோசம்மாள் இறங்கி அவர் பின்னாலேயே போனாள். பானெட் மறைவில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"என்னாச்சுங்க?"

"எஞ்சின் ஆறட்டும்."

"சுடவே இல்லையே."

"நீ எப்பலேருந்து மேஸ்திரி ஆன?"

"முப்பதுல போகலாம்னுதானே பரக்கத் அலி சொன்னாரு. அவசரம்னா நாப்பதுகூடப் போகலாம்னாரு. நான் அங்கதானே நின்னேன்."

அமிர்தசாமி கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"எனக்கு அவரு சொன்னது முதல் பாதிதான் ஞாபகம் இருக்கு."

"வேணும்னே பண்றீங்க."

"சத்தமா சொல்லேன். சாமி காதுல விழட்டும். நன்மையை மடியில வச்சுக்கிட்டு உன் பேச்சுக்கு அவரு பதில் சொல்லுவாரான்னு பாப்போம்."

"மாமா நம்ம வழியைப் பாத்துக்கிட்டு இருப்பாருங்க. உங்க அப்பாங்க அவரு."

"எனக்கு அம்மாவும் இருந்தா ரோசா. கல்லறையில அவ பேரு போட்ட கல்லு இருக்கு. சவரிராயன் மனைவின்னு அதுல வெட்டியிருக்கு. நாளைக்கு அதே பட்டத்தை இந்தச் சுருட்டுக்காரிக்கும் கொடுக்கணுமா? என் அம்மா இருமிக்கிட்டுக் கிடந்தப்பவே இவ கம்பெனியில பூ வச்சுக்கிட்டு வந்தவ."

"அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"புள்ளையைப் பத்தி நீ பேசறியா?"

ரோசம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருஷமாக அவளை அடக்க இந்த ஒரு வார்த்தை போதும். அது அவருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, திருச்சியிலிருந்து வந்த மணப்பாறை பஸ் புளியமரத்துப் பக்கத்தில் வந்து நின்றது. பானெட் திறந்த காரைப் பார்த்து டிரைவரே நிறுத்தினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே சாமியார் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார்.

"என்னங்க, வண்டி மக்கர் பண்ணுதா? மணப்பாறைக்கா? சாமியை ஏத்திவிடுங்க, முன்னாடி சீட்டு தரோம்."

ரோசம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னலோரம் முறுக்குக் கூடையோடு சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, திருச்சி ஜங்ஷனில் முறுக்கு விற்றுவிட்டுத் திரும்புகிறவள். அவளும் ரோசம்மாளைப் பார்த்தாள். பின் கதவைத் திறந்து, "சாமி, இதுல ஏறுங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்று ரோசம்மாள் யோசித்தாள். அந்த யோசனையில்தான் எல்லாம் போயிற்று.

"வேணாம்பா, புது எஞ்சின். அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவோம், நீங்க போங்க" என்றார் அமிர்தசாமி, சிரித்த முகமாக.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. ரோசம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அஞ்சு நிமிஷம் பத்தாயிற்று. மேலும் பத்து நிமிஷம் பானெட்டுக்கடியில் குனிந்து எதையோ திருகுவதுபோல் நின்றுவிட்டு அமிர்தசாமி வண்டியை எடுத்தார். முள் மறுபடியும் பதினைந்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருந்த பன்னிரண்டு மைலும் ரோசம்மாள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மணப்பாறை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி பதினொன்றரை. அழுகைச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது.

சந்திரம்மாள்தான் எதிரே ஓடிவந்தாள். "பதினொண்ணு பத்துக்குப் போயிட்டாருங்கம்மா. நான் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஓடியாந்து, கார் வழியில நிக்குது, சாமியார் உள்ள இருக்காரு, இதோ வந்துடுவாங்கன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுச் சிரிச்சாரும்மா. அந்தக் கோணின வாயோட சிரிச்சாரு. என் மகன் வேகமா ஓட்டுவான், வந்துடுவான்னு சொன்னாரு. அதுதாம்மா கடைசிப் பேச்சு."

பதினொன்று பத்து. பஸ் பதினோரு மணிக்கே வந்துவிட்டது. ரோசம்மாள் கணக்கில் கெட்டிக்காரியில்லை, இந்தக் கணக்கு மட்டும் தானாக வந்து நின்றது.

உள்ளே பொன்னுத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமைக் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த அரக்குப் புடவை கட்டியிருந்தாள். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். கையில் மஞ்சள் கயிற்றில் கோத்த சிலுவைத் தாலி. பக்கத்தில் வியாகுலம் புதுப் பாவாடையோடு சுவரில் ஒட்டி நின்றது. பெண் அழவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாமியாரைக் கண்டதும் பொன்னுத்தாய் எழுந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டாள்.

"சாமி, இப்ப மந்திரிக்கலாங்களா? உடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு. தொட்டுப் பாருங்க."

முதலில் மதலைமுத்துச் சாமியார் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. சிமிழை மேசைமேல் வைத்தார். உயிர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பலிக்கட்டும் என்று அவசர அவசரமாக நெற்றியில் எண்ணெய் பூசினார். ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா கல்யாணம்."

"அவருக்குச் சம்மதங்க சாமி. இவ்வளவு பேர் காதால கேட்டாங்க, சந்திரம்மாளும் கேட்டா. சம்மதம் சம்மதம்னு நேத்தெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"தெரியும்மா" என்றார் சாமியார். "தெரியும்."

அமிர்தசாமி அப்பா நெற்றியில் முத்தம் கொடுத்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கண் நிஜமாகவே கலங்கித்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அழுது முடித்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"குடும்பத்துக்காரங்க மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க வெளிய போங்க."

யாரும் அசையவில்லை. மத்தவங்க என்றால் யார் என்று யாருக்கும் புரியவில்லை. அவர் பொன்னுத்தாய் முன்னால் போய் நின்றார்.

"உங்களைத்தான். அந்தக் கயிறை உள்ள வைங்க. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

பதினாலு வருஷமாக அவளை ஒருமையில் பேசிய மனுஷர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உங்களை என்றார். பொன்னுத்தாய் தாலியை இடுப்பில் செருகிக்கொண்டு வியாகுலத்தின் கையைப் பிடித்தாள். தன் வீட்டிலிருந்து இறங்கிப் போய் வாசல் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"அப்பாவைத் திருச்சிக்குக் கொண்டு போறோம். அம்மா பக்கத்துல அடக்கம். மத்தியானத்துக்கு மேல கம்பெனி லாரி வரும். அதுல ஜாஸ்தி பேருக்கு இடம் இருக்காது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் அமிர்தசாமி. பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேருக்குக் கண்டிப்பா இடம் இல்ல" என்றார்.

"பெட்டி?" என்றார் சாமியார்.

"இங்க கிடைக்கற பலகைப் பெட்டியில எங்க அப்பாவை வைக்க மாட்டேன் சாமி. பாலக்கரையில தேக்குல செஞ்சு வச்சிருப்பாங்க. நானே போய் எடுத்துட்டு வரேன்."

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோது கார் கிளம்பியது. மதலைமுத்துச் சாமியார் நன்மையைக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ரோசம்மாள் வெந்நீர் போட்டாள், மாமாவைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள், மெழுகுதிரி தேடினாள். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்க ரோசம்மாளுக்கு முகம் இல்லை.

வேலையெல்லாம் ஓய்ந்ததும் ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொன்னுத்தாய் வாங்கி மகளுக்குக் கொடுத்தாள்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது.

கறுப்பு மாரிஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. கூரைமேல் தேக்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பின்னால் குழாயிலிருந்து நீலமாகப் புகை கக்கியது, ஆயில் கருகிய வாடை முருங்கை மரம் வரைக்கும் அடித்தது. பின் கண்ணாடியில் அட்டை அப்படியே இருந்தது. உள்ளே சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது.

பொன்னுத்தாய்க்குப் படிப்பு கிடையாது. ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு மணிக்கு இத்தனை கட்டு என்று சுருட்டுச் சுற்றிய கை. நேரம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அதுக்குள்ள திருச்சிக்குப் போயிட்டு வந்துடுச்சாம்மா?"

"ம்."

"பெட்டியையும் வாங்கிக்கிட்டா?"

"ம்."

"காலையில வர மட்டும் ஏம்மா ரெண்டு மணி நேரம் ஆச்சு?"

ரோசம்மாள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது புருஷனுடைய வார்த்தை.

"புது எஞ்சின் பொன்னுத்தாயி. மெதுவாத்தான் போகணும்."

பொன்னுத்தாய் காரைப் பார்த்தாள், பிறகு ரோசம்மாளைப் பார்த்தாள்.

"இப்ப அது பழசாயிடுச்சாம்மா?"

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. காரைப் பற்றித் தெரியாதவள் தெரிந்துகொள்ளக் கேட்டாள். ரோசம்மாள் காலி மோர்ச் செம்பை வியாகுலத்திடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

வாசல்படியில் நின்றிருந்த மதலைமுத்துச் சாமியாருக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்துவிட்டது. அவர் இறங்கிக் காரிடம் போனார். பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். அமிர்தசாமி கூரைமேல் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சாமியார் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரோசம்மாளைத்தான் கேட்டார்.

"முன் சீட்டுல நீதானேம்மா உக்காந்திருந்தே. காலையில வரும்போது முள்ளு எதுல நின்னுச்சு?"

கயிறு அவிழ்க்கிற கை நின்றது. அமிர்தசாமி திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தார். காலையில் போலவே சாந்தமாகப் பார்த்தார். விரல் மட்டும்தான் உதட்டுக்குப் போகவில்லை.

"பதினஞ்சு, சாமி" என்றாள் ரோசம்மாள். "வழி முழுக்கப் பதினஞ்சு. முப்பது போகலாம்னு மேஸ்திரி சொல்லியிருந்தாரு. பஸ் வந்து நின்னப்ப நானும் வாயைத் திறக்கல."

சொல்லிவிட்டாள். மாமா செத்து மூன்று மணி நேரம் கழித்து, யாருக்கும் உபயோகமில்லாத நேரத்தில் சொல்லிவிட்டாள்.

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அமிர்தசாமி கயிற்றின் கடைசி முடிச்சை அவிழ்த்து, முழங்கையில் சுற்றி அழகாக வளையம் போட்டு, டிக்கியில் வைத்தார். பெட்டியை இறக்க நாலு ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அதன் பிறகு, கடையில் சாமான் சொல்கிற குரலில் சொன்னார்.

"லாரியில ரெண்டு பேருக்கு இடம் இல்லேன்னு சொன்னேன். மூணு பேர்னு வச்சுக்குங்க."

திருச்சி ரோட்டில் லாரி வரும் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் நகர்ந்து, முருங்கை மரத்தடியில் இன்னும் ஒருத்தி உட்கார இடம் விட்டாள்.